பக்கத்து வீட்டு ஓக் மரம்

கத்திரி வெயில் தொடங்கியிருந்த நேரம். பகல் சாப்பாட்டை முடித்துவிட்டு, மேசை விசிறியின் எதிரில் அமர்ந்து, இந்தத் தொடருக்கான தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். விசிறி சுற்றியது, காற்று வெந்து வந்தது. வாசல் கேட்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டு எழுந்து போனேன்.

பக்கத்து வீட்டு ஜமீல் பாயின் மகன் இம்தியாஸ் நின்றிருந்தான். ஷூ கம்பெனியில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் பிள்ளை. அவன் பின்னால் ஒரு கொத்தனார், தலையில் ஈரத்துண்டுடன்.

"மாமா, தூக்கத்தக் கெடுத்துட்டனா?"

"இந்த வெயில்ல யாருப்பா தூங்குறது? உள்ள வா."

"நம்ம நடுச்சுவத்துல விரிசல் வுட்டிருக்குது, பாத்தீங்களா? நாளுக்கு நாள் ஜாஸ்தி ஆயினே போவுது. மரத்தோட வேரு தள்ளுதுன்றாரு கொத்தனாரு. வெட்டிடலாமான்னு அப்பாவக் கேட்டேன். மரம் நம்மளுது, சுவரு பக்கத்து வூட்டு மேஸ்திரிக்கும் பாதி, அவரு வெட்டுன்னா வெட்டு, வேணாம்னா வுட்டுடுன்னுட்டாரு."

கொத்தனாரை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும், மாமா."

சுவருக்கு அப்பால் பேச்சுக்குரல் நின்றுபோனதைக் கவனித்தேன். அங்கே அந்த மரத்தடியில் ஜமீல் பாயின் மனைவி நூர்ஜஹான் இருந்தார். அவர் அருகில், நாடாக்கட்டிலில் அமர்ந்து மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்தவள் என் மனைவி சரோஜா. நாங்கள் பேசுவது அவர்கள் காதில் விழும் தொலைவுதான்.

அந்த மரத்தின் மீது எனக்கு இருந்த வயிற்றெரிச்சல், அந்தப் பகலில் தொடங்கியதன்று. அதைச் சொல்லாமல், நான் இம்தியாஸுக்குச் சொன்ன பதிலைச் சொன்னால் வாசகர்களுக்கு விளங்காது. ஆகையால் அவனையும் கொத்தனாரையும் சற்று நேரம் வாசலிலேயே நிறுத்திவிட்டுப் பின்னால் போகிறேன்.

ஒரு தோல் துண்டு

நான் தோலைத் தரம் பிரிக்கும் மேஸ்திரியாக ஆம்பூரில் வேலை செய்தவன் என்பதை முன்பே எழுதியிருக்கிறேன். மேசையில் விரித்த தோலை உள்ளங்கையால் தடவி, முதுகு, வயிறு, கழுத்து என்று பார்த்து, உண்ணிக்கடி, முள் கீறல், கத்தி பட்ட இடம் எல்லாவற்றையும் கண்டறிந்து, பின்புறத்தில் சாக்பீஸால் நம்பர் போடுவது என் தொழில். போட்ட நம்பரை அழிக்கக் கூடாது. முதலாளியே வந்து நின்றாலும் அழிக்கக் கூடாது. அழித்தவன் கையை அதன் பிறகு யாரும் நம்புவதில்லை.

என் இளம் வயதில், வெளிநாட்டிலிருந்து தோல் வாங்க வந்த ஒருவர், ஷூவின் அடிப்பாகத்துக்குப் போடும் அடித்தோல் துண்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். நம் பக்கத்தில் ஆவாரம் பட்டையிலும் வாட்டில் பட்டையிலும் கடுக்காயிலும் பதனிடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் துண்டு ஓக் மரப்பட்டையில் ஒரு வருடத்திற்கும் மேலாகக் குழியில் கிடந்து பதப்பட்டது என்றார். மரப்பலகை போல் கெட்டி. வளைத்தால் முனகாமல் வளைந்தது. அதன் வாசனை மழை பெய்த காட்டின் வாசனையாக இருந்தது. திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. கேட்டு வாங்கிக்கொள்ளத் துணிவும் இல்லை.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் ஆதலால், எனக்கு ஏற்பட்ட ஐயங்களை நூலகத்தில்தான் தீர்த்துக்கொள்வேன். அந்த மரத்தைப் படத்தில் பார்த்தேன். உயரத்தைவிட அகலம் அதிகம். ஒரு குடும்பமே அடியில் குடியிருக்கலாம் போல் கிளைகளைப் படுக்கையாக நீட்டியிருந்தது. வெயில் கொளுத்தும் ஊர்களிலும் அதில் சில வகைகள் வளர்வதாகப் போட்டிருந்தது. என்றைக்காவது சொந்த வீடு கட்டினால் வாசலில் ஒன்று வைக்கவேண்டும் என்று அன்று நினைத்தேன்.

ஆசை என்னுடையது என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்கிறேன்.

தொப்பி போட்ட விதைகள்

ஜமீல் பாய் தோல் தரகராக இருந்தவர். அடுத்தடுத்து மனை வாங்கி, ஒரே நடுச்சுவர் எழுப்பி, நானும் அவரும் வீடு கட்டினோம். மாலை வேளைகளில் அவரிடம் நான் ஓக் மரத்தைப் பற்றிப் பேசுவேன். அவருக்கு மரங்களில் நாட்டம் கிடையாது. முருங்கைக்கும் அகத்திக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர். ஆனாலும் தலையாட்டிக் கேட்பார்.

அவருடைய மகளை டெக்சாஸில் கொடுத்திருந்தது. ஒருமுறை அங்கே போய்ச் சில மாதங்கள் இருந்துவிட்டு வந்தவர், பெட்டியைக்கூடத் திறக்காமல் நேரே என் வீட்டிற்கு வந்தார். கைக்குட்டையை அவிழ்த்து மேசையில் கொட்டினார்.

"மேஸ்திரி, உங்க மரம் நம்ம பொண்ணு வீட்டு வாசல்லயே நிக்குது. அங்கயும் நம்ம ஊரு மாதிரியேதான், வெயிலு மண்டையப் பொளக்குது. அந்த மரத்துக்கு ஒண்ணும் ஆவல."

கொட்டைப்பாக்கு அளவில் பழுப்பு நிற விதைகள். ஒவ்வொன்றின் தலையிலும் சொரசொரப்பான மூடி. பாய் ஒன்றை எடுத்துத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க, எங்க ஆளுங்க மாதிரியே தொப்பி போட்டுனு இருக்குது."

"தொழுவப் போற அவசரத்துல பொறந்திருக்கும், பாய்."

சிரித்தோம். பிறகு அவரே சொன்னார்: "நீங்களே பிரிங்க. ஃபஸ்ட் செலக்சன் உங்களுக்கு. மிச்சம் எனக்கு."

மறுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. அப்படியே பிரித்தேன். நீரில் போட்டு மிதந்தவற்றைத் தள்ளினேன். பூச்சித் துளை இருந்தவற்றைத் தள்ளினேன். கனமும் பளபளப்பும் உள்ளவை எனக்கு வந்தன. சுமாரானவை கைக்குட்டையில் திரும்பிப் போயின. அந்த நாட்களில் நான் அவர் மீது வைத்திருந்த அன்பைப் போல் வேறு யார் மீதும் வைத்ததில்லை.

தென்னைக்குப் போட்டது

எங்கள் தெருவில் டேனரியில் வேலை செய்தவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து வழித்தெடுக்கும் முடியைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்து தென்னங்குழியில் போடுவோம். நாற்றம் சில வாரங்கள் இருக்கும். பிறகு காய் காய்க்கும் பாருங்கள், குலை தாங்காமல் முட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். என் தென்னையும் அப்படித்தான் காய்த்தது.

ஆகவே, ஓக் கன்றுக்கும் அதையே செய்தேன். நடுச்சுவரை ஒட்டி ஆழமாகக் குழி எடுத்து, சாக்குச் சாக்காக முடியைக் கொட்டி, மேலே மண் போட்டு, பையில் முளைத்திருந்தவற்றுள் மிகச் செழிப்பான கன்றை நட்டேன். காலையும் மாலையும் போர்வெல் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன். டேனரி உப்பு இறங்கிய எங்கள் போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பது இந்தப் பாலாற்றங்கரையில் யாருக்கும் தெரிந்ததே. தென்னை அதைக் குடித்தது. இதுவும் குடிக்கும் என்று எண்ணினேன்.

இலையின் ஓரம் முதலில் கருகியது. உரம் போதவில்லை என்று இன்னொரு சாக்குப் போட்டேன். கன்று பட்டுப்போனது. அடுத்த கன்றை வைத்தேன். அதுவும் போனது. முதல் தரம் என்று நான் என் கையால் பொறுக்கிய விதைகள் அத்தனையும் அந்தச் சுண்ணாம்பிலும் உப்பிலும் ஒன்றன்பின் ஒன்றாக வெந்தன.

பாய் என்ன செய்தார் என்று கேட்பீர்கள். ஒன்றும் செய்யவில்லை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் குழாய் அவர் வீட்டு வாசலில் இருந்தது. பள்ளிவாசலுக்குப் போகும் முன் அங்கேயே அமர்ந்து கை, முகம், கால் கழுவிக்கொண்டு போவது அவர் வழக்கம். வேளைக்கு ஒரு செம்புத் தண்ணீர், வேளை தவறாமல். அது ஓடித் தேங்கும் இடத்தில், கையில் மிஞ்சியிருந்த விதைகளை விரலால் அழுத்தி வைத்தார். அவ்வளவே.

நான் உழைத்தேன். அவர் கால் கழுவினார். மரம் அவருக்கு வளர்ந்தது.

இலை மட்டும் எங்களுக்கு

அது முழங்கால் அளவு வந்தபோது பாராட்டினேன். இடுப்பளவு வந்தபோதும் பாராட்டினேன். சுவருக்கு மேலே தலை காட்டிய நாளில், பாராட்டு வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

அதன் பிறகு ஆண்டுதோறும் அகன்றது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் வந்து படம் எடுத்தார்கள். ஏலகிரி மலையில் நிற்கும் சில்வர் ஓக்கா இது என்று ஒருவர் கேட்க, இல்லை, அது வேறு சாதி, இது வேறு என்று பாய் விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். அவர் அதையும் மறைக்கவில்லை. "எல்லாம் மேஸ்திரி சொல்லித்தான் வெச்சேன்," என்று என்னைச் சுட்டிக் காட்டுவார். அவர் பெருமையடித்திருந்தால் குறைந்தபட்சம் அவரைக் குறை சொல்லியாவது ஆறியிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல் செய்துவிட்டார்.

எங்கள் பக்கம் வந்தவை இலைகள் மட்டுமே. ஓக் இலை எளிதில் மக்குவதில்லை. தோல் சீவல் போல் விறைப்பாகக் கிடந்து, மொட்டை மாடியின் தண்ணீர்க் குழாயை அடைக்கும். மாதத்திற்கு ஒருமுறை குச்சியால் குத்தி எடுப்பேன். அப்படி ஒரு நாள் மாடியில் நின்றபோதுதான், பழக்க தோஷத்தால், அந்த மரத்தைத் தரம் பார்க்க ஆரம்பித்தேன். பட்டையில் பிளவு உண்டா, கிளையில் புழு ஏறியதா, ஒரு பக்கம் சரிந்திருக்கிறதா என்று வெகுநேரம் தேடினேன். ஒரு குறையும் கிடைக்கவில்லை. முதல் நம்பர்தான் போடவேண்டியிருந்தது.

விசிறியும் காற்றும்

மரம் போனால் போகிறது என்று விட்டிருப்பேன். அது என் மனைவியையும் எடுத்துக்கொண்டது.

எங்கள் வீடு மேற்கு வெயில் சுவரில் அறையும் கான்கிரீட் வீடு. மரம் வளராத காலத்தில் ஒரு சித்திரை மாதம், அடுப்படியில் சரோஜா மயங்கி விழுந்தாள். இரத்த அழுத்தக்காரி, பகல் வேளையில் வெந்து கிடக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஏசி வாங்கலாம் என்றேன். "பொட்டிக் காத்து எனக்கு ஆவாது," என்றுவிட்டாள். அந்த ஆண்டும் அதற்கடுத்த ஆண்டுகளும் கோடையில் ஈரத்துணியை மேலே போட்டுக்கொண்டு சிமெண்டுத் தரையில் படுத்திருப்பாள். நான் விசிறியை அவள் பக்கம் திருப்பிவைப்பேன்.

பாய் வீட்டு மரம் நிழல் தரத் தொடங்கியதும் பகல் சாப்பாட்டிற்குப் பிறகு அங்கே போக ஆரம்பித்தாள். முதலில் எப்போதாவது, பிறகு தினமும். நடுவில் சுவர் இருந்ததால் தெருவைச் சுற்றிக்கொண்டு போவாள். பூக்கூடையோ, புளியோ, ஆய்வதற்குக் கீரையோ கையில் இருக்கும். அந்த வீட்டில் பால் ஊற்றாமல் போடும் கட்டஞ்சாயாவுக்குப் பழகிவிட்டாள். நான் போடும் டீ கஷாயமாக இருக்கிறதாம்.

"இங்கயும்தான் விசிறி சுத்துது," என்று ஒரு நாள் சொன்னேன்.

"விசிறி சுத்துதுங்க. காத்து இல்லயே."

"அங்க அப்படி இன்னாதான் பேசுறீங்க தினமும்?"

"ஒண்ணும் பேசல. சும்மா குந்தினு இருக்கோம்."

பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது. ஒன்றும் பேசாமல் ஒருவர் அருகில் ஒருவர் அமர்ந்திருக்க, என்னோடு அவளால் முடிந்ததில்லை. அங்கே முடிந்தது. சில நேரம் அவள் சிரிப்பு மட்டும் சுவரைத் தாண்டி வரும். எதற்கென்று விளங்காது.

நானும் சும்மா இருக்கவில்லை. தெருப்பக்கம் வேம்பு வைத்தேன், ஆடு மேய்ந்தது. பாதாம் மரம் வைத்தேன். கம்பளிப்பூச்சி விழுகிறதென்று அவளே வெட்டச் சொன்னாள். கடைசியில் பச்சை வலை வாங்கி நான்கு கம்பு நட்டுப் பந்தல் போட்டு, கீழே நாற்காலியும் போட்டேன். ஒரே ஒரு பகல் வந்து அமர்ந்தாள்.

"இன்னா, எப்படி இருக்குது?"

சுற்றிப் பார்த்துவிட்டு, "மீன் மார்க்கெட்ல குந்துனாப்ல இருக்குது," என்றாள். மறுநாள் பூக்கூடையை எடுத்துக்கொண்டு தெருப்பக்கம் நடந்தாள்.

சுவரடியில்

இனி வாசலில் நிற்பவர்களிடம் வருகிறேன்.

"வெட்டிட்டு இன்னா செய்யப் போற?" என்று இம்தியாஸைக் கேட்டேன்.

"கார் நிறுத்தணும், மாமா. ஷெட்டு போட்டுடலாம்னு. இப்ப மரத்தடியில நிறுத்துனா காக்காவுங்க பண்ற வேலையில தினம் ஒரு பேஜாரு."

வீட்டைச் சுற்றி நடுச்சுவர்ப் பக்கம் போனோம். கை நுழையும் அளவிற்கு விரிசல் கண்டிருந்தது.

"வேர்தாங்க," என்றார் கொத்தனார். "இவ்ளோ பெரிய மரம். சுவத்த வுட்டுவெக்குமா?"

நானும் அதைத்தான் நம்பினேன். நம்ப விரும்பினேன் என்பதே சரி. ஒரு வார்த்தை போதும். ஒரே நாளில் அறுத்து அடுக்கிவிடுவார்கள். தெருவில் யாரும் நின்று பார்க்கமாட்டார்கள். பகலில் சரோஜா வீட்டில் இருப்பாள். சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

அதற்குள் கை சுவரைத் தடவத் தொடங்கியிருந்தது. வாழ்நாள் முழுவதும் பழகிய கை. தடவாமல் தீர்ப்புச் சொல்ல அதற்குத் தெரியாது. வேர் தள்ளியிருந்தால் சுவர் எங்கள் பக்கம் புடைத்திருக்க வேண்டும். புடைப்பு இல்லை. மேலிருந்து கீழே தடவிக்கொண்டு போனேன். அடியில் சுவர் வளையவில்லை; அமிழ்ந்திருந்தது. அமிழ்ந்த இடத்தில் தரையும் தட்டுப்போல் பள்ளமாகியிருந்தது. நான் சாக்குச் சாக்காக முடியைக் கொட்டிய குழி அது. உள்ளே இருந்தது மக்கி இறங்க, அஸ்திவாரம் அதோடு இறங்கியிருக்கிறது.

கொத்தனார் இதைப் பார்க்கவில்லை. அவரிடம் மரம் என்று சொல்லப்பட்டிருந்தது, மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப் போவதில்லை.

சுவருக்கு அப்பால் இன்னமும் ஒரு சத்தமும் இல்லை. அவள் எழுந்து வந்து "வேணாங்க" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த மௌனத்தைக் கேட்டபடி நின்றபோது, சிமெண்டுத் தரையில் ஈரத்துணியோடு அவள் படுத்திருந்த கோடைகள் கண்முன் வந்தன. பகலில் அவள் என் வீட்டில் இருக்கவேண்டும் என்று இத்தனை நாள் ஆசைப்பட்டேனே, இருந்தால் அப்படித்தான் இருப்பாள்.

"வேரு இல்லப்பா," என்றேன். "இது எம் பக்கத்துக் குழி. உள்ள போட்டதெல்லாம் மக்கி, சுவரு உக்காந்துட்டிருக்குது. மரத்த வெட்டுனாலும் விரிசல் நிக்காது."

கொத்தனார் குனிந்து பார்த்தார். காலால் மண்ணை அழுத்தினார். குதிகால் உள்ளே போயிற்று.

"ஆமாங்க," என்றார். "உள்ள பஞ்சாட்டம் இருக்குது."

"அப்ப இன்னா மாமா செய்யறது?" என்றான் இம்தியாஸ், சுருதி இறங்கி.

"சுவத்த இடிச்சுடு. குழிய நான் தோண்டிக் கல்லு போட்டுத் தரேன். மரத்துல கை வெக்காத."

அப்பாலிருந்து ஜமீல் பாயின் குரல் வந்தது. அவரும் அங்கேதான் இருந்திருக்கிறார்.

"மேஸ்திரி, இன்னா நம்பர் போட்டீங்க?"

"சுவருதான் ரிஜெக்சன், பாய்."

நூர்ஜஹான் அம்மாள் சிரிப்பது கேட்டது. சரோஜாவின் சிரிப்பை எதிர்பார்த்தேன். வரவில்லை. மாலையில் வீடு திரும்பியவள், நான் கேட்காமலே எனக்கு டீ போட்டுக்கொடுத்தாள்.

இடையில் ஒன்றும் இல்லை

சுவரை இடித்து, குழியிலும் கல் போட்டாயிற்று. மழை ஒரு முறை பெய்து குழி இறுகிய பிறகுதான் புதிதாக எழுப்பலாம் என்று கொத்தனார் சொல்லிவிட்டார். இரண்டு வீட்டு வாசலும் இப்போது ஒரே வாசலாகக் கிடக்கின்றன. முன்பெல்லாம் சுவருக்கு மேலே தெரிந்த மட்டும்தான் பார்ப்பேன். இப்போது அடிமரத்திலிருந்து நுனிக்கொம்பு வரை, என் நாற்காலியிலிருந்தே முழு மரமும் தெரிகிறது. என் பொறாமைக்கு இதைவிட வசதி செய்து கொடுக்க முடியாது.

காலையில் சூரியன் அந்தப் பக்கம் எழுவதால் மரத்தின் நிழல் எங்கள் மண்ணில் விழுகிறது. நாடாக்கட்டிலை இங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு சரோஜா அரிசியில் கல் பொறுக்குகிறாள். வெயில் ஏற ஏற நிழல் சுருங்கி, மரத்தடிக்கே போய்விடுகிறது. பகல் வேளையில் அவளும் அங்கே இருந்தாக வேண்டும்.

அந்தக் கட்டிலைத் தூக்க இருவர் வேண்டும்.

"ஏங்க, ஒரு பக்கம் புடிங்க," என்று நேற்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள்.

பேனாவை மூடிவைத்துவிட்டுப் போனேன். அவள் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டாள். நான் கால்மாட்டைப் பிடித்துக்கொண்டேன். சுவர் இருந்த கோட்டைத் தாண்டி, கொதிக்கும் மண்ணில் நடந்து, மரத்தடிக்குக் கொண்டுபோய் வைத்தோம். அவள் ஒரு ஓரமாகத் தள்ளி அமர்ந்து கீரையை மடியில் போட்டுக்கொண்டாள். திரும்பி நடந்தவனை, "வெயில்ல எங்க போறீங்க? குந்துங்க," என்றாள். எழுதவேண்டியது இருக்கிறது என்றேன். அவள் இருந்த இடத்திலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளிக்கொண்டாள்.

அமர்ந்தேன். முதுகில் ஒட்டியிருந்த சட்டை மெல்ல விலகியது. என் வாசலில் ஒருநாளும் வராத காற்று, எங்கிருந்தோ புறப்பட்டு இங்கே வந்து நின்றது. நாங்கள் ஒன்றும் பேசவில்லை. வெகுநேரம் பேசவில்லை.

நிழல் நன்றாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.